பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கமராவின் விலையை எது தீர்மானிக்கிறது?

மட்டக்களப்பில் மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து கிடைத்த லைக்கா எம்3 என்னும் ரேஞ்ச்ஃபைண்டர் கமராவுக்கு (இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கிக் குவியம் சரிசெய்யும் வகை) என்ன விலை கேட்கலாம் என்று வினவியிருந்தீர்கள். 1954இல் வெளிவந்த அம்மாதிரி இரண்டு இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டதால், அரிதான தன்மையைவிட அதன் இன்றைய நிலைமையே விலையைத் தீர்மானிக்கும். வாவியோர ஈரப்பதத்தில் தோற்பைக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்திருந்தால் வில்லையில் பூஞ்சணம் படர்ந்திருக்கக்கூடும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தடம் போகாது. கண் வைத்துப் பார்க்கும் காட்சிச் சாளரத்தில் குவியத்தைக் காட்டும் இரட்டைப் பிம்பம் மங்கியிருப்பதும் விலையைப் பெரிதும் குறைக்கும், ஏனெனில் பிரகாசமான அந்தக் காட்சிச் சாளரமே இதன் கவர்ச்சி. வெளியுடலின் சிராய்ப்புகளை நான் பொருட்படுத்தமாட்டேன். கண்ணாடி அலுமாரியில் வைப்பதற்காக வாங்குவோர் பொருட்படுத்துவர். சோவியத் ஃபெட், சோர்க்கி கமராக்களில் லைக்காப் பெயரைப் பொறித்த போலிகள் ஏராளம் உலவினாலும், அவை பெரும்பாலும் வில்லையைத் திருகிப் பொருத்தும் முந்தைய லைக்கா மாதிரிகளின் சாயலில் இருப்பதால், எம்3 விடயத்தில் அந்த அச்சம் குறைவு.