அப்பாவின் இசைத்தட்டுகளை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தையார் எல்.பி. என்னும் பெரிய இசைத்தட்டுகளையும், ஈ.பி. என்னும் சிறிய இசைத்தட்டுகளையும், ஏராளமான கேசட்டுகளையும் சேர்த்து வைத்திருந்தார். வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறுகிறோம். சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. மிச்சத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு, எப்படிக் கொடுப்பது? – வாசகி, காரைக்குடி

பதில்: மனம் வராததே நல்லது, அம்மா. அண்ணனிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். பிடித்தவை, பிடிக்காதவை என்று பிரிப்பதுதான் எல்லோரும் செய்வது. இந்த விஷயத்தில் அது சரியான வழியன்று. இந்த ஒலி வேறெங்காவது மறுபடியும் கிடைக்குமா என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துப் பிரியுங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த திரைப்பாடல் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் பாடல்கள் இன்று கைப்பேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. ஆகையால் அந்தத் தட்டுகளை, பிளேயர் வைத்துக் கேட்கிற யாருக்கும் தயக்கமின்றிக் கொடுக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத் தட்டு போன்றவை வீட்டுக்கு வீடு இருந்தவை. அவற்றின் மீது நமக்குள்ள பக்தி வேறு, அவை அரியவையா என்பது வேறு.

உண்மையில் அரியவை கேசட்டுப் பெட்டியில்தான் இருக்கும். அக்காலத்தில் வெற்று கேசட்டு வாங்கி, ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பாடல் பதிவு செய்துகொள்வது வழக்கம். அதே போன்ற கேசட்டுகளில்தான் வானொலிக் கச்சேரிகளும், கோயில் திருவிழா நாகஸ்வரமும், கல்யாண வீட்டுப் பாட்டும், பாட்டியின் தாலாட்டும் பதிவாயின. கேசட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். வெற்று கேசட்டில் அங்கே இரு மூலைகளிலும் சிறிய பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிவு செய்ய முடியாது. கடையில் விற்ற பாட்டுக் கேசட்டில் அந்த இடம் முதலிலிருந்தே காலியாக இருக்கும். எனவே வெற்று கேசட்டு ஒன்றில் பட்டைகள் உடைக்கப்பட்டிருந்தால், அதிலிருப்பது அழியக்கூடாது என்று தங்கள் தந்தையார் நினைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அதைப் போட்டுக் கேட்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். கேசட்டின் நடுவிலுள்ள கண்ணாடிச் சன்னல் வழியே நாடாவின் மீது வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் பிளேயரில் போட வேண்டாம். அது பிளேயருக்கும் தொற்றி, அடுத்துப் போடும் கேசட்டையும் கெடுக்கும். அத்தகையதைத் தனியே கட்டி வைத்து, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து, தொகுப்பு முழுவதும் ஒரே போக்கில் சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள். நாகஸ்வரம் மட்டும், கதை வசனத் தட்டுகள் மட்டும், ஒரே பாடகரின் தட்டுகள் மட்டும் என்று ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்திருந்தால் அதைப் பிரிப்பது பெரும் இழப்பு. தங்கள் ஊருக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைந்தபின் கடை கடையாகச் சிதறியிருக்கலாம். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை மொத்தமாக வாங்கிச் சென்னையிலேயே இருத்தியதால்தான், இன்று அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. பலவும் கலந்த வீட்டுத் தொகுப்பாக இருந்தால் பிரித்துக் கொடுப்பதில் தவறே இல்லை.

நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுக்க விரும்பினால், பெட்டியைக் கொண்டுபோய் வாசலில் இறக்காமல், முதலில் பட்டியல் அனுப்புங்கள். தலைப்பு மட்டும் போதாது. தட்டின் நடுவிலுள்ள லேபிளில் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயர், எண், கலைஞர்கள் பெயர் ஆகியவற்றை அப்படியே எழுதுங்கள். ஒரே பாடல் பல பதிப்புகளில் வந்திருக்கும், எண்ணைக் கொண்டுதான் எந்தப் பதிப்பு என்று அவர்கள் அறிவார்கள். சன்னலோரம் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் தெரியும்; அதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். வளைந்துபோன தட்டை நிமிர்த்துகிறேன் என்று வெயிலில் வைத்துவிடாதீர்கள்.

தனிநபர் கேட்டு வந்தால், வீட்டில் ஓடுகிற பிளேயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பவருக்கு, எவ்வளவு நெருங்கிய உறவானாலும், ஓரிரண்டு நினைவுக்குப் போதும். விற்பதற்கென்று வாங்குகிறவரிடம் விலை பேசிக் கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சென்னை மூர் மார்க்கெட்டின் பழம்பொருள் வியாபாரிகளின் வழியாகத்தான் எத்தனையோ தட்டுகள் காயலான் கடைக்குப் போகாமல், கேட்கத் தெரிந்தவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கேள்வி: நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும், தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் சில என்னிடம் உள்ளன. ஸ்பிரிட்டால் துடைத்து, வெளியூர் நண்பருக்கு அஞ்சலில் அனுப்பலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள். அந்தத் தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால், ஊசி ஓடும் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்தினால் போதும். எல்.பி. தட்டுக்குரிய ஊசியில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், 78-இன் வரிப்பள்ளம் அகலமானது. அதற்கென்று தனி ஊசி உண்டு. கீழே விழுந்தால் ஓட்டாஞ்சில்லாக நொறுங்கும் பொருளாகையால், நண்பரே நேரில் வந்து வாங்கிச் செல்வது உத்தமம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இரு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, தட்டுக்குத் தட்டு மெத்தென்று தாள் இட்டு, பெட்டிக்குள் அசையாதபடி அடைத்து அனுப்புங்கள். நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட செட்டாக வந்தன. பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல ஓடும் தட்டில் கதை முழுவதும் அடங்காது. ஆகவே செட்டில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கொடுப்பதற்குமுன் எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்து, இணையத்தில் ஏற்றிவிடலாம் என்கிறான் என் மகன். சட்டப்படி சரியா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1960-இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு முடிந்தது. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி; அது எழுதியவர், இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை இருக்கும். நேரில் பதிவு செய்த கச்சேரியானால் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் 50 ஆண்டு உரிமை உண்டு. அப்படிப்பட்ட கச்சேரிக் கேசட்டு கிடைத்தால், இணையத்தில் ஏற்றுவதற்குமுன் அந்தக் கலைஞரையோ, அவர் இல்லையெனில் அவர் குடும்பத்தாரையோ சீடர்களையோ தேடிப் பிடித்து, தேதியும் இடமும் எழுதி ஒரு நகலை அவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கச்சேரியின் வேறு பதிவு அவர்களிடமே இல்லாமல் இருக்கலாம்.