சின்ன கம்பெனிக்கு குரூப் மெடிக்கல் பாலிசி: புரோக்கர் வழியா, நேரடியாகவா?

திருப்பூர், பனியன் யூனிட், 14 பேர்: புரோக்கர் இல்லாமல் கம்பெனியிடமே நேராக எடுத்தால் பிரீமியம் குறையுமா அண்ணா?

புரோக்கருக்குக் கமிஷன் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி. அது பிரீமியத்துக்குள்ளேயே இருக்கிறது. நேராகப் போனால் அதைக் கழித்துத் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். 14 பேர் கணக்குக்குப் பெரும்பாலும் இறங்கி வரமாட்டார்கள். ஏஜென்ட் கம்பெனியின் ஆள். புரோக்கர் சட்டப்படி உங்கள் பக்கம் நிற்க வேண்டியவர், பல கம்பெனிகளின் கொட்டேஷனை வாங்கித் தரவேண்டியவர். ஒன்றை மட்டும் நீட்டினால் ஆளை மாற்றுங்கள்.

கொட்டேஷனில் தொகைக்கு முன்னால் ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். 3 லட்சம் பாலிசியில் 1 சதவீதம் என்றால் நாளைக்கு 3,000 ரூபாய். உங்கள் ஆள் 6,000 ரூபாய் ரூமில் படுத்தால் வாடகையோடு நிற்காது, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவு போன்றவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். பழைய நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா, பிரசவத்துக்குக் காத்திருப்பு நீக்கமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஓசூர், லேத் பட்டறை, 5 பேர்: எங்களுக்குக் கிடைக்குமா?

பொதுவாக 7 பேராவது வேண்டும். எண்ணிக்கைக்காகச் சொந்தக்காரர்களை ஊழியர் என்று எழுதாதீர்கள், கிளைம் வரும்போது சம்பளப் பதிவேடு கேட்பார்கள். தனித்தனியாக எடுத்துக் கொடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. குரூப்புக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது.

கோவை, சாஃப்ட்வேர், 22 பேர்: நேரடியாக எடுத்தோம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு டெங்கு. லிஸ்டில் பெயர் இல்லை என்று கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) மறுத்துவிட்டார்கள். பெயரை மெயிலில் அனுப்பியிருந்தோம்.

மெயில் போனால் மட்டும் போதாது தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்பணமாக வைக்கும் சிடி கணக்கில் பணம் இருந்தால்தான் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் புதுப் பெயரைச் சேர்க்கும் திருத்தம், போடுவார்கள். பிரீமியம் வராமல் கவர் தொடங்காது, இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவு அப்படி. மெயில் அனுப்பிய தேதியில் கணக்கில் இருப்பு இருந்ததா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்திருந்தால் அந்த ஆதாரத்தோடு எழுத்தில் புகார் கொடுங்கள், விடாதீர்கள். நேரடியாக எடுப்பவர்கள் ஆபீஸில் ஒருவருக்கு இதைத் தனிப் பொறுப்பாகக் கொடுத்தே ஆகவேண்டும்.

சிவகாசி, அச்சகம்: கமிஷனில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்கிறார் புரோக்கர்.

வேண்டாம். அதே இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆவது பிரிவில் கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. அபராதம் 10 லட்சம் வரை.

ஈரோடு, ஜவுளி: ஊரில் எல்லோரும் வாங்குகிறார்கள். நம் பணம்தானே?

ஊரே வாங்கினாலும் சட்டம் மாறாது. இன்னொன்றும் இருக்கிறது. பாதியை விட்டுக்கொடுத்தவர் எதை வைத்து ஆள் போடுவார்? ராத்திரி ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் சிக்கினால் டிபிஏவோடு (கம்பெனிக்காக கிளைம் வேலையைப் பார்க்கும் நிறுவனம்) பேச அவரிடம் யார் இருப்பார்கள்?

ஈரோடு, ஜவுளி: முழுக் கமிஷன் வாங்குகிறவரும் போன் எடுப்பதில்லையே?

நியாயமான கேள்வி. அதனால்தான் பாலிசி எடுக்கும் முன்பே அவரிடம் கிளைம் பார்க்கும் ஆளின் பெயரை வாங்குங்கள், அவருடைய வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் பேசுங்கள். போன் எடுக்காதவரை மாற்ற வழி இருக்கிறது, இனி இவர்தான் எங்கள் புரோக்கர் என்று வேறு ஒருவருக்கு மேண்டேட் கடிதம் கொடுக்கலாம். அவர் கையிலிருந்து காசு வாங்கிவிட்டால் எந்த முகத்தோடு அவரைக் கேள்வி கேட்பீர்கள்?

மதுரை, ஹோட்டல், 30 பேர்: நேரடியாக எடுத்தால் பிரீமியம் குறையுமா?

திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். சிடி இருப்பையும் பாருங்கள்.

கரூர், பஸ் பாடி: குரூப் எடுத்தால் இஎஸ்ஐயை நிறுத்தலாமா?

முடியாது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளம் 21,000 வரை என்றால் இஎஸ்ஐ கட்டாயம். குரூப் அதற்கு மேல்தான்.

சேலம்: அப்பாவுக்கு எந்த டெர்ம் பாலிசி நல்லது?

ஆயுள் காப்பீடு என் துறை இல்லை.

திண்டுக்கல், ஸ்பின்னிங் மில்: நேரடியாக எடுத்தால் மலிவா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். உங்கள் மில்லில் அடிக்கடி ஆள் மாறுவார்கள், அதனால் புரோக்கர் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் சேர்ந்தவர், விலகியவர் லிஸ்ட்டையும் சிடி கணக்கு ஸ்டேட்மென்டையும் அவரிடம் கேட்டு வாங்குங்கள்.