முன்தீர்ப்புத் தடை: கேட்டவையும் சொன்னவையும்

ஒரு விஷயத்தை நீதிமன்றம் ஒருமுறை விசாரித்து முடித்துவிட்டால் அதே தரப்பினர் அதையே மறுபடி வழக்காக்க முடியாது. இதுதான் முன்தீர்ப்புத் தடை. இதைப் பற்றி ஒரு வக்கீலிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும் இங்கே.

கேள்வி: 2014-ல் அப்பா போட்ட இன்ஜங்ஷன் (தடையாணை) வழக்கு தள்ளுபடி ஆனது. அதே நிலத்துக்கு உரிமை கேட்டு இப்போது நான் வழக்குப் போடலாமா சார்?

முதலில் பழைய வழக்குக் கட்டை எடுங்கள். பிராது (வழக்கு மனு), எதிருரை (பிரதிவாதியின் பதில்), எழுவினா (நீதிமன்றம் முடிவு செய்ய எடுத்த கேள்வி), தீர்ப்பு எல்லாவற்றுக்கும் நகல் மனு போடுங்கள். அவற்றைப் பார்க்காமல் உறுதி சொல்லும் வக்கீலை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

'அப்பாதானே வழக்குப் போட்டவர், நான் இல்லையே' என்பது எடுபடாது. அவர் வழியாக உரிமை கேட்பவரையும் சிவில் நடைமுறைச் சட்டம் 11-ஆம் பிரிவு கட்டும். நிலம் யாருடையது என்பது அன்று எழுவினாவாக வந்ததா? 'நிலம் வாதியின் அனுபவத்தில் (கைவசத்தில்) இல்லை' என்று மட்டும் சொல்லித் தள்ளியிருந்தால் உரிமைக் கேள்வி பெரும்பாலும் திறந்தே கிடக்கும். உரிமையை அலசி, அதன் மேலேயே தீர்ப்பு நின்றால் கதவு சாத்தியாச்சு. போகிறபோக்கில் எழுதிய வரி தடையாகாது. 2000-ல் சஜ்ஜாதநஷீன் சையத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விரித்துச் சொன்னது. இதில் தப்பினாலும் காலவரம்பு காத்திருக்கிறது: விளம்புகை (உரிமை எனதே என்று நீதிமன்றம் அறிவிப்பது) கேட்க மூன்றே ஆண்டு.

கேள்வி: எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (பிரதிவாதி வராததால் ஒருதலையாகச் சொன்னது) செல்லாதுதானே?

செல்லும். 30 நாளுக்குள் ரத்து கேளுங்கள். தாண்டினால் தாமத மன்னிப்பு மனுவும் வேண்டும்.

கேள்வி: வாய்தாவுக்குப் போகாததால் என் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். புதிதாகப் போடலாமா?

விசாரித்து முடிவாகாததால் முன்தீர்ப்புத் தடை இல்லை. ஆனால் பிரதிவாதி அன்று ஆஜராகியிருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 9 விதி 9 புது வழக்கை மறிக்கும். பழையதையே கோப்பில் எடுக்க மனுப் போடுங்கள்.

கேள்வி: ஜீவனாம்சத் தொகையைக் கூட்டிக் கேட்கலாமா?

சூழ்நிலை மாறியிருந்தால் கேட்கலாம். மேற்கொண்டு குடும்ப நீதிமன்ற வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: நானும் வக்கீல்தான் சார். சட்டத்தையே தப்பாகப் படித்த தீர்ப்பும் கட்டுமா?

கட்டும். தப்பென்றால் அப்பீல் போயிருக்க வேண்டும். ஒரு விலக்கு உண்டு. பம்பாயில் கட்டடம் கட்டக் குத்தகைக்கு எடுத்த காலி மனைக்கு நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்டார்கள். வாடகைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டார்கள். பிறகு வேறொரு வழக்கில் பொருந்தும் என்று உயர் நீதிமன்றமே சொன்னது. மறுபடி கேட்டபோது தடையில்லை என்றது உச்ச நீதிமன்றம் (மதுரா பிரசாத், 1970). அதிகார வரம்பு பற்றிய தவறான சட்ட முடிவு நிரந்தரமாகக் கட்டாது.

கேள்வி: அப்படியானால் தோற்றவரெல்லாம் 'இது சட்டக் கேள்வி' என்பாரே?

சொல்கிறார்கள், தோற்கிறார்கள். உங்கள் சாட்சியத்தை நீதிபதி நம்பவில்லை என்றால் அது சட்டக் கேள்வியா தம்பி? உண்மையும் சட்டமும் கலந்த முடிவுக்கு இந்த விலக்கு கிடையாது.

கேள்வி: சார், எக்ஸ்பார்ட்டி ஆனால்...

மேலே சொல்லியிருக்கிறேன், அதைப் படியுங்கள். நகல் மனு போட்டாச்சா?