வீட்டுக்குள்ளேயே கடைசிப் பந்தியா?

கேள்வி: எனக்கு 37 வயது. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. கணவர் உரக்கடை வைத்திருக்கிறார், கொஞ்சம் நிலமும் உண்டு. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. கணவர் நண்பர்கள் முன்னாலேயே "எங்க வீட்டு ஆழித்தேர் வருது பாரு" என்கிறார். மாமியார் என் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார். கல்யாணம் காட்சி என்றாலே போகப் பிடிக்கவில்லை. காலையில் வெறும் காபியோடு நிறுத்திப் பார்த்தேன். கொள்ளுக் கஞ்சி குடித்தேன். தெரிந்தவர் ஒருவர் விற்ற பவுடரைக் கரைத்துக் குடித்தேன். எதுவும் நிலைக்கவில்லை. இராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு நானும் பெரியவளும் சட்டியில் கிடப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருவோம், அந்த அரை மணி நேரம்தான் எனக்கு நிம்மதி. வரும் தையில் நாத்தனார் மகள் கல்யாணம். அதற்குள் 15 கிலோ குறைய ஒரு உணவு அட்டவணை கொடுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி அருகே)

பதில்: அட்டவணை தரப்போவதில்லை. தந்தால் அதையும் நாலு நாள் பார்த்துவிட்டு, கொள்ளுக் கஞ்சிக்குப் பக்கத்தில் போட்டுவிடுவீர்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. எடை மாறும், ஊர் மாறும், கேலிப் பேச்சு மாறும். நீங்களும் கணவர் சொன்னது, மாமியார் சொன்னது, கல்யாண வீட்டில் ஊரார் பார்த்த பார்வை என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேசுவது தப்பு. அது உங்களுக்கே தெரியும், நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஒரு வரியை. "சட்டியில் கிடப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் என்னம்மா கிடக்கும்? மீன் குழம்பு வைத்த அன்றைக்குத் துண்டு மிஞ்சியிருக்கிறதா? வாலோ தலையோ கிடந்தால் அதிர்ஷ்டம். பொரியல் சட்டியின் அடியில் கடுகும் கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை வேக வைத்தால் ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வைக்கும்போதே உங்களை எண்ணியிருக்க மாட்டீர்கள். குறையாமல் கிடப்பது சோறும் குழம்பும் ரசமும்தான். அதுவும் டெல்டா வீட்டுச் சோறு. திடீரென்று ஆள் வந்தால் போதாமல் போய்விடக் கூடாது என்று ஒரு ஆழாக்கு கூடவே போட்டு வடிப்பீர்கள். மிஞ்சினால் கொட்ட மனசு வராது. நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்களுக்கு அது வராதுதான், எனக்கும் வராது. ஆனால் அந்த ஒரு ஆள் சோற்றையும் சேர்த்து உங்கள் தட்டில் போட்டுக்கொள்கிறீர்கள். காலையிலிருந்து பட்டினி வேறு. அந்தத் தட்டைத்தான் உங்கள் மாமியார் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் பேசுகிறார். துண்டு மீன் எங்கே போயிற்று என்று அவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

நீங்கள் அதிகம் சாப்பிடுவதாக வீடே நம்புகிறது. நீங்களும் நம்புகிறீர்கள். உண்மையில் உங்கள் உடம்புக்கு வேண்டியதில் பாதி உங்களிடம் வந்தே சேரவில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2000 கலோரி என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குச் சொல்கிறது. தானியம் 250 கிராம், காய் கீரை 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், கறி 85 கிராம், பால் தயிர் 300 மில்லி. இவை சமைப்பதற்கு முந்தைய அளவுகள். உடம்புக்குக் கிடைக்கிற சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. இதில் அரிசியைத் தவிர எது உங்களுக்கு மிஞ்சுகிறது? பருப்பும் மீனும் தட்டில் இருந்தால் வயிறு சீக்கிரம் நிறையும், நெடுநேரம் பசிக்காது. வெறும் சோறும் ரசமும் எவ்வளவு போட்டாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரத்தில் கை மறுபடியும் முறுக்கு டப்பாவைத் தேடும். அதற்குப் பெயர் நாக்கு ருசி என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வீர்கள்.

உடம்பு பருத்திருந்தால் சத்து நிறைய இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள். அதே ஆய்வில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இரண்டிலும் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அந்தப் பெண்களில் ஒருத்தியாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? எடைதான் காரணம் என்று நீங்களே தீர்ப்பு எழுதியிருப்பீர்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

உங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தது யார்? கணவரா, மாமியாரா? "யாரும் சொல்லல, நானாத்தான்" என்று பதில் வரும். அதுதான் எனக்குக் கோபம். குடும்பத்துக்குச் சமைத்துப் போடுவதைக் குறைத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. வீட்டில் இருக்கிற நாலு பேருக்கு வேளாவேளைக்குச் சூடாகச் சோறு போடுவது பெரிய காரியம், அதைச் செய்கிறவரை வீடு தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும் என்று நம்புகிறேன். ஆனால் அந்த வீட்டில் நீங்களும் ஒரு ஆள். உங்களுக்குச் சோறு போடுகிற கடமை அந்த வீட்டில் யாருக்கு? இத்தனை வருடத்தில் ஒருவராவது கரண்டியைப் பிடித்து உங்கள் தட்டில் போட்டிருக்கிறார்களா? போட வந்திருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா?

சரி, இது உங்களோடு போயிருந்தால் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன். அந்த வரியில் உங்கள் மகளும் இருக்கிறாள். 14 வயதுப் பெண்ணுக்கு இராத்திரி எல்லாரும் எழுந்த பிறகு மிச்சச் சோறு! தம்பி அப்பாவோடு உட்கார்ந்து மீன் துண்டைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயாயிற்று. இவள் பசியோடு அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். பாசத்தில்தான் காத்திருக்கிறாள், அது எனக்குப் புரிகிறது. அம்மா தனியாகச் சாப்பிடக் கூடாது என்று நினைக்கிற ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான். அவளுடைய நல்ல மனசுக்கு நீங்கள் கொடுக்கிற கூலி அடிச்சட்டியா? மாதவிலக்கு வருகிற, எலும்பு வளர்கிற வயசு. இரும்புச்சத்தும் புரதமும் அந்த வீட்டில் எல்லாரையும் விட அவளுக்குத்தான் அவசரம். அவள் பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால் அதை விழுங்குகிறாளா, தூக்கிப் போடுகிறாளா என்றும் கேளுங்கள். ஆழித்தேர் என்று அப்பா சொல்லும்போது அவளும் அங்கேதான் நிற்கிறாள். இன்னும் இரண்டு வருடத்தில் அவளும் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காபி குடிப்பாள். அப்போது எனக்குக் கடிதம் எழுதிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்த சில வரிகளை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். ஐயா, ஆழித்தேரை வைத்துப் பெண்டாட்டியைக் கேலி செய்கிறீர்கள். உங்கள் கடைக்கு வருகிறவர் பயிர் மஞ்சளித்துக் கிடக்கிறது என்றால் என்ன உரம், எப்போது போட்டீர்கள், தண்ணீர் நின்றதா என்று எத்தனை கேள்வி கேட்பீர்கள்? உங்கள் வீட்டில் ஒருத்தி இரவு பத்து மணிக்கு என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு நாள் கேட்டதுண்டா? நண்பர்கள் முன்னால் அவரை மட்டம் தட்டும்போது உங்கள் மகனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாளை அவனும் ஒரு வீட்டில் இதையே பேசுவான். இன்றே நிறுத்துங்கள். சிரித்த நண்பர்கள் முன்னாலேயே நிறுத்துங்கள்.

இனி உங்களுக்கு. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு, ஐந்து பேரும் ஒன்றாக. குழம்பு, பொரியல், சோறு எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். மகன் தண்ணீர் எடுத்து வரட்டும், பத்து வயதுக்கு அது முடியும். கடையடைக்க நேரமாகும் என்று கணவர் சொன்னால் அவர் பங்கை எடுத்து மூடி வையுங்கள், அவருக்காக நீங்களும் பிள்ளைகளும் காத்திருக்க வேண்டாம். மீன் எத்தனை துண்டு என்று அடுப்படியிலேயே எண்ணி, ஐந்தாகப் பிரித்துவிடுங்கள். மாமியார் முதல் வாரம் முகத்தைத் தூக்குவார். தூக்கட்டும். அவரும் ஒரு காலத்தில் அடிச்சட்டியை வழித்தவராகத்தான் இருப்பார், இதை ஒரு நாள் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

வடிக்கிற அரிசியில் அந்தக் கூடுதல் ஆழாக்கை நிறுத்துங்கள். அப்படியும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் குடிக்கட்டும். மிச்சத்துக்கு நீங்கள் ஒருத்தி மட்டும் பொறுப்பு கிடையாது.

புரதத்துக்குப் பவுடர் எதற்கு? சம்பா தாளடி அறுப்புக்கு முன்னால் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிற ஊர் உங்களுடையது. மூட்டை கட்டி விற்றதில் வீட்டுக்கு எவ்வளவு வைத்தீர்கள்? காலையில் காபியோடு நிறுத்தாமல் முளைகட்டிய பயறோ, முட்டையோ, இரண்டு இட்லியோடு கெட்டியான சாம்பாரோ சாப்பிடுங்கள். நாகப்பட்டினத்து மத்தி வஞ்சிரத்தை விட மலிவு, சத்தில் அதற்கு இளைத்ததில்லை, குழம்பில் போடுங்கள், பொரிக்க வேண்டாம். கொல்லையில் முருங்கை நிற்கும், வாழைத்தண்டு கிடைக்கும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று வாங்கிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல அரிசிதான், நார்ச்சத்து கூட, ஆனாலும் அரிசி அரிசிதான். அளவு அதற்கும் உண்டு.

அந்த அரை மணி நேர நிம்மதியை விட்டுவிடச் சொல்லவில்லை. நாள் முழுக்க ஓடிய பிறகு உட்காருகிற ஒரே நேரம் அது, உங்களுக்கு அது வேண்டும். ஒன்பது மணிக்கு மகளோடு உட்கார்ந்து டிவி பாருங்கள், பேசுங்கள், தலை வாரிவிடுங்கள். கையில் தட்டு மட்டும் வேண்டாம்.

தைக்குள் 15 கிலோ என்பதை மறந்துவிடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம். உங்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே, அதாவது 4 கிலோ சொச்சம், சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரியும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், பிறகு எடை மட்டும் திரும்பி வரும். உங்களுக்கு ஏற்கெனவே அது நடந்திருக்கும். நடப்பதற்கு வாரம் 150 நிமிடம் ஒதுக்குங்கள். ஆற்றங்கரையில் தனியாக நடந்தால் பார்க்கிறார்கள் என்று கூச்சமாக இருந்தால் கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் நாற்பதைத் தாண்டியிருக்கும், உரக்கடை நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறவர் வயிற்றையும் அளந்து பார்க்கட்டும். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் இருவருக்கும் ஒரே எச்சரிக்கைதான்.

கல்யாணத்துக்கு இப்போது இருக்கிற உடம்போடு போங்கள். அத்தை மகள் கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை என்றால் பிள்ளைகள் காரணம் கேட்பார்கள், என்ன சொல்வீர்கள்?

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. இந்த வாரமே பெரியவளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே காசு வாங்க மாட்டார்கள். இருவருக்கும் ஹீமோகுளோபின், உங்களுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டு பரிசோதனைக்கு எங்கே போவது என்றும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இறங்காத எடைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கழுத்தின் பின்பக்கம் தோல் தடித்துக் கறுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள், அது தேய்த்தால் போகிற அழுக்கு கிடையாது, சர்க்கரை வரப்போவதற்கு முன்னால் உடம்பு காட்டுகிற அடையாளமாக இருக்கலாம். எடை மெஷினில் ஏற்றிவிட்டு அங்கே யாராவது ஏதாவது சொன்னால், "அது தெரியும்மா, இரத்தம் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த வார இரவுகளில் எத்தனை மணிக்கு, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.