நம் உடம்பில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

பொது சுகாதாரக் கொள்கைதான் நான் பாடம் நடத்தும் துறை. அரசாங்கம் அன்றாட வாழ்க்கையில் எதுவரை வரலாம், வைத்தியச் செலவை யார் ஏற்க வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி ஆளால் பார்க்கவோ தடுக்கவோ முடியாத ஆபத்தில் அரசு கட்டாயம் இறங்க வேண்டும். வைத்தியச் செலவின் பாரத்தை எல்லோரும் சேர்ந்து சுமக்கவும் அதுதான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒருவர் தனக்குத்தானே செய்துகொள்ளும் விஷயங்களில் அதன் கை அடங்கியே இருக்கட்டும்.

கேள்வி: என் உடம்பு, என் காசு, என் வாழ்க்கை. இதில் அரசாங்கம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்?

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் அரசாங்கம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கிருமி இல்லை என்று நம்பிக் குடிக்கிறோம். அட்டையில் எழுதியிருக்கும் மருந்துதான் மாத்திரைக்குள் இருக்கிறது என்று நம்பி விழுங்குகிறோம். இதையெல்லாம் நாமே சோதித்துப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது.

பெட்ரோலில் ஈயம் கலந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காக அதைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். வண்டி ஓட்டியவருக்கு லாபம். சாலையோரம் வளர்ந்த குழந்தைக்கு மூளை வளர்ச்சியில் பாதிப்பு. அந்தக் குழந்தையின் அம்மா எந்தக் கடையில் எதை மாற்றி வாங்கியிருந்தாலும் அந்தக் காற்றிலிருந்து தப்பியிருக்க முடியாது. ஒவ்வொரு நாடாகச் சட்டம் போட்டுத்தான் அது ஒழிந்தது. கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. இந்த மாதிரி இடத்தில் 'என் வாழ்க்கை, என் முடிவு' என்று சொல்ல அந்த அம்மாவுக்கு வழியே இல்லை.

கேள்வி: மோசமான மருந்தைச் சந்தையே ஒதுக்கிவிடாதா மேடம்? அனுமதி, பரிசோதனை என்று இழுத்தடிப்பதால் நல்ல மருந்தும் தாமதமாகிறதே?

ஒதுக்கும். ஆனால் எத்தனை பேருக்குப் பாதிப்பு ஏற்பட்ட பிறகு என்பதுதான் விஷயம்.

தாலிடோமைட் என்ற மருந்து 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1960-ல் அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்ட விண்ணப்பம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரியின் மேஜைக்கு வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அன்றைய விதிப்படி 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே அனுமதி பெற்றுவிடும். கெல்சி ஒவ்வொரு முறையும் கெடு முடிவதற்குள் 'ஆதாரம் போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம் அவர் கண்ணில் பட்டது. இந்த மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்படுவதாக ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். அப்படியானால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று கெல்சி கேட்டார். நிறுவனத்தார் நேரில் வந்தும் மேலதிகாரிகளிடம் பேசியும் நெருக்கடி கொடுத்தார்கள். அவர் அசையவில்லை. 1961 முடிவில் உண்மை வெளியே வந்தது. உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்திருந்தன. அமெரிக்காவில், சோதனைக்காக மருத்துவர்களிடம் கொடுத்து வைத்திருந்த மாத்திரைகளால் மிகச் சில குழந்தைகளே பாதிக்கப்பட்டன. அடுத்த வருடமே, மருந்து வேலை செய்கிறது என்பதையும் நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

தாமதம் பற்றி நீங்கள் சொல்வதும் உண்மைதான். எய்ட்ஸ் பரவிய காலத்தில் மருந்துக்காகக் காத்திருந்தே பலர் இறந்தார்கள். 1988-ல் நோயாளிகளும் நண்பர்களும் அதே துறையின் தலைமையகத்தை முற்றுகையிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு ஆரம்பகட்ட ஆதாரத்தை வைத்தே அனுமதி தரும் முறை 1992-ல் வந்தது. காவலும் வேண்டும், காவலாளியை உலுக்கும் ஆட்களும் வேண்டும்.

கேள்வி: நான் புகை பிடிப்பதில்லை, தினமும் ஓடுகிறேன். உடம்பைக் கெடுத்துக்கொண்டவருடைய வைத்தியத்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

தம்பி, நிறையப் பேர் கேட்டது இதைத்தான். கோபம் புரிகிறது. ஆனால் எந்த நோய் யாருடைய தப்பு என்று அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. சிறு வயதிலேயே வரும் முதல் வகை சர்க்கரை நோய், ரத்தப் புற்றுநோய், பிறவி இதயக் கோளாறு எல்லாம் ஓடுகிறவர் ஓடாதவர் பார்த்து வருவதில்லை.

இன்னொரு சிக்கல் பணக் கணக்கில் இருக்கிறது. காப்பீடு அவரவர் இஷ்டம் என்று விட்டால் முதலில் யார் வாங்குவார்? நோய் வரும் என்று பயப்படுகிறவர்தான். செலவு ஏறும், பிரீமியம் ஏறும். உங்களைப் போன்ற திடகாத்திரமானவர்கள் விலகுவார்கள். பிரீமியம் இன்னும் ஏறும். இதிலிருந்து தப்பிக்கக் காப்பீட்டு நிறுவனம் நோயாளிகளை வடிகட்ட ஆரம்பிக்கும். யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே கதவு மூடிவிடும். மருத்துவம் மற்ற சரக்குகளைப் போல விற்று வாங்கக்கூடியது அல்ல என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே விளக்கி எழுதினார். நோயாளிக்குத் தனக்கு என்ன தேவை என்றே தெரியாது, விற்பவருக்குத்தான் தெரியும் என்பது அவர் வாதத்தில் முக்கியமான ஒன்று.

அதனால்தான் அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டம், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி யாரையும் மறுக்கக் கூடாது என்றதோடு, எல்லோரும் காப்பீடு எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவது பாதிதான் பெரிய சண்டையானது. எடுக்காதவர்களுக்கான அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டார்கள். ஏழைகளுக்கு மானியம் தொடர்ந்ததால் ஏற்பாடு குலைந்துவிடவில்லை. இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இன்று நீங்கள் கட்டுவது அடுத்தவருக்கு மட்டுமல்ல, நாற்பது வருடம் கழித்து வரப்போகிற உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: அப்படியானால் எல்லா டாக்டரும் அரசு ஊழியராகிவிட வேண்டுமா?

இல்லை. பணத்தைத் திரட்டுவது ஒன்று, வைத்தியம் பார்ப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதம் வீணாகிறது.

ஜெர்மனியில் 1883-ல் அன்றைய அரசாங்கத் தலைவர் பிஸ்மார்க் கொண்டுவந்த திட்டத்தில் தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்டினார்கள். பணத்தை நிர்வகித்தது காப்பீட்டு நிதியங்கள், அரசு அல்ல. பிரிட்டன் 1948 ஜூலை 5-ல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையில் ஆஸ்பத்திரிகளே அரசின் கைக்கு வந்தன. கனடாவில் டாக்டர்களில் பெரும்பாலோர் சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள், பில்லை மட்டும் மாகாண அரசு கட்டுகிறது. அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. 1962-ல் சஸ்காட்சுவான் மாகாணத்தில் திட்டம் ஆரம்பித்த அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், 23 நாள் நீடித்தது. தைவான் 1995-ல் எல்லோருக்கும் ஒரே பொதுக் காப்பீடு என்று மாறியது. சிங்கப்பூர் 1984 முதல் அவரவர் சம்பளத்திலிருந்தே வைத்தியத்துக்கென்று கட்டாயமாகச் சேமிக்க வைக்கிறது.

அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. அவ்வளவு கொட்டியும் சராசரி ஆயுளில் மற்ற பணக்கார நாடுகளுக்குப் பின்னால்தான் நிற்கிறது. உணவுப் பழக்கம், துப்பாக்கி, சாலை விபத்து எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் அரசு ஒதுங்கி நின்றால் செலவு தானாகக் குறையும் என்பவர்களுக்கு அந்த 17 சதவீதம் பதில் சொல்ல வேண்டிய கணக்கு.

கேள்வி: இலவசம் என்றால் தலைவலிக்கெல்லாம் வந்து வரிசையில் நிற்பார்களே. உண்மையான நோயாளி காத்துக்கிடக்க வேண்டியதுதானா?

இதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. சிலருக்கு வைத்தியம் முழுக்க இலவசம், மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர்கள் குறைவாகத்தான் டாக்டரிடம் போனார்கள். அதுவரை உங்கள் பேச்சு சரி. ஆனால் தேவையில்லாததைக் குறைத்த அதே அளவுக்குத் தேவையானதையும் குறைத்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தம் இருந்த ஏழைகள்தான் இதில் அதிகம் அடிபட்டார்கள். எந்த நெஞ்சு வலி வாயு, எந்த நெஞ்சு வலி மாரடைப்பு என்று நோயாளியே தரம் பிரிக்க முடியாது. கட்டணம் வைத்தால் தயக்கம் வரும், தெளிவு வராது.

வரிசை விஷயத்தில் மழுப்பக் கூடாது. பிரிட்டனில் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிய நோயாளிக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இலக்கு இருக்கிறது. பல வருடமாக அதை எட்ட முடியவில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்கு அந்தக் காத்திருப்பு நரகம். பொது மருத்துவத்தை ஆதரிக்கிற என்னைப் போன்றவர்கள் இதைப் பற்றித்தான் முதலில் சத்தம் போட வேண்டும். ஆளும் படுக்கையும் இல்லாமல் உரிமையை மட்டும் சட்டத்தில் எழுதி வைத்தால், மக்களுக்குக் கிடைப்பது வரிசைதான்.

கேள்வி: தடுப்பூசியைக் கட்டாயமாக்குவது சரியா?

கட்டாயத்தைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பேன். இங்கிலாந்து 1853-ல் குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. போடாத பெற்றோருக்கு அபராதம், கட்டாவிட்டால் சிறை. ஏழைகள்தான் உள்ளே போனார்கள். 1885-ல் லெஸ்டர் நகரத்தில் பெரிய ஊர்வலமே நடந்தது. 1898-ல் மனசாட்சியின் பேரில் மறுக்கலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள்.

அதே தடுப்பூசிதான் பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டியது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-ல் சோமாலியாவில், ஒழிந்தது என்ற அறிவிப்பு 1980-ல். ஊசியில் பிழை இல்லை, ஜெயிலைக் காட்டி ஊசி போடுவதில்தான் பிழை. பச்சைக் குழந்தைகளும் புற்றுநோய்க்காரர்களும் இருக்கும் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றவர்களிடம் பேசிப் புரியவைக்க ஆளும் நேரமும் செலவழிக்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை பானத்துக்கு வரி போட்டால் ஏழை தலையில்தானே விடியும்?

வரியை எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பிரிட்டன் 2016-ல் அறிவித்து 2018 ஏப்ரலில் கொண்டுவந்த வரியைப் பாருங்கள். 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை, 8 கிராமைத் தொட்டால் கூடுதல் வரி. நடுவில் இரண்டு வருட அவகாசம். பல நிறுவனங்கள் வரி கட்டுவதற்குப் பதில் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே இறக்கிவிட்டன. வாங்குகிறவர் அதே பாட்டிலைத்தான் வாங்கினார், உள்ளே சர்க்கரை குறைந்திருந்தது.

டென்மார்க் 2011-ல் கொழுப்புக்குப் போட்ட வரி வேறு கதை. வெண்ணெய் விலை ஏறியதும் ஜனங்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள். 2013 பிறந்ததும் வரியை எடுத்துவிட்டார்கள். எந்த வரியும் தயாரிப்பவரைத் தொட வேண்டும். சாப்பிடுகிறவரைத் தண்டிக்க மட்டும் வந்தால் நான் எதிர்க்கிறேன்.

கேள்வி: வேலியே பயிரை மேய்ந்தால்? அரசாங்கத்தையே நம்ப முடியாத இடத்தில் இதெல்லாம் எப்படி?

மேய்ந்திருக்கிறது. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் அரசின் சுகாதாரத் துறையே 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் என்ற பாலியல் தொற்று நோயைச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. ருமேனியாவில் 1966-ல் மக்கள்தொகையைப் பெருக்கக் கருக்கலைப்புக்குத் தடை போட்டார்கள். கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. திருட்டுத்தனமாகக் கருக்கலைத்து ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். ஆட்சி விழுந்த 1989 டிசம்பரில்தான் அந்த ஆணையும் போனது.

முதல் கேள்விக்காரரிடம் சொன்ன நியாயம் இதுதான். டஸ்கிகீ வெளியே வந்தது ஒரு முன்னாள் ஊழியர் பத்திரிகைக்குச் சொன்னதால். அதனால் அரசுக்குச் சுகாதாரத்தில் அதிகாரம் கொடுக்கிற ஒவ்வொரு சட்டத்தோடும் தகவல் கேட்கும் உரிமை, முறையீட்டுக்கு இடம், சுதந்திரமான பத்திரிகை மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். அவை இல்லாத இடத்தில் நானும் உங்களோடு சேர்ந்து அந்த அதிகாரத்தை எதிர்ப்பேன்.

கேள்வி: மறுப்புச் சொல்லாத எல்லோரையும் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவராகவே சட்டம் எடுத்துக்கொள்ளலாமா?

அதனால் மட்டும் பெரிய பலன் இல்லை. ஸ்பெயினில் 1979 முதல் அப்படிச் சட்டம் உண்டு. ஆனாலும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை வைக்கும் அமைப்பு 1989-ல் வந்த பிறகுதான் தானம் ஏறியது.

கேள்வி: என் மருத்துவ விவரங்கள் எல்லாம் அரசு கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பயப்பட வேண்டுமா?

பயத்தை விட, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். சிகிச்சைக்காக உங்கள் டாக்டர் பார்ப்பது வேறு, ஆய்வுக்காக வேறொருவருக்குப் போவது வேறு. தைவானில் பொதுக் காப்பீட்டின் தகவல்களை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். 'என் விவரத்தைச் சேர்க்காதே' என்று சொல்ல அப்போது சட்டத்தில் வழி இல்லாமல் இருந்தது. சிலர் வழக்குப் போட்டார்கள். 2022 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம், விலகும் உரிமையை வைத்து 3 வருடத்துக்குள் சட்டத்தைத் திருத்தச் சொன்னது. உங்கள் நாட்டில் அப்படி விலக வழி இருக்கிறதா, விவரத்தை யார் யார் பார்த்தார்கள் என்ற பதிவு உங்களுக்குக் கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.