மெக்சிகன் உணவகமா? முதலில் டோர்ட்டியாவுக்கு வழி செய்யுங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் குடும்பத்துடன் வசிக்கிறேன். மெக்சிகன் உணவகம் தொடங்க ஆசை. டாக்கோ, புரிட்டோ, ஃபஹீட்டா என்று 60 வகைக்கு மெனு எழுதிவிட்டேன். அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: மெனுவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டாக்கோ, புரிட்டோ எல்லாவற்றுக்கும் அடிப்படையான டோர்ட்டியா, அதாவது சப்பாத்தி போன்ற தட்டை ரொட்டி, எங்கிருந்து வரப்போகிறது? மாவு சரியில்லாத இட்லிக் கடையில் எத்தனை சட்னி வைத்தாலும் கூட்டம் சேராது; இங்கும் அப்படித்தான். உங்கள் ஊரில் வாடிக்கையாளர் பலர் நல்ல டோர்ட்டியா சாப்பிட்டே வளர்ந்தவர்கள். நின்ஃபா லாரன்சோ 1973இல் ஹூஸ்டனில் 10 மேசைகளோடு உணவகம் திறந்தது, தன் டோர்ட்டியா ஆலையை ஒட்டித்தான்.

பாக்கெட்டில் வாங்கினால் வேலை மிச்சம், ஆனால் சீக்கிரம் விறைத்துப்போகும். மசேகா போன்ற உடனடி மாவைப் பிசைந்து சுடலாம், பரவாயில்லை. அசல் முறை வேறு. உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவி, ஈரமாக அரைக்க வேண்டும். சோளத்தின் எடையில் சுமார் 1 சதவீதம் சமையலுக்கான சுண்ணாம்பு போதும். தோல் கழல்வதும், மாவு விரிசல் விடாமல் சேர்ந்து நிற்பதும், அந்த மணமும் அதனால்தான். சோளத்தில் உடம்புக்குக் கிட்டாமல் இருக்கும் நியாசின் சத்தும் அப்போதுதான் கிடைக்கிறது. ஆனால் இதற்குக் கல் அரைவை இயந்திரமும் விடியற்காலையில் வேலைக்கு ஆளும் வேண்டும். தொடக்கத்தில், பக்கத்து டோர்ட்டியேரியாவில் (டோர்ட்டியா செய்து விற்கும் கடை) அன்றன்று அரைத்த மாசா, அதாவது மக்காச்சோள ஈரமாவு, வாங்கி, கடையிலேயே அழுத்திச் சுடுங்கள் என்பதே என் யோசனை. ஃபஹீட்டாவுக்கும் புரிட்டோவுக்கும் கோதுமை டோர்ட்டியா.

இனி மெனு. 60 வகை வேண்டவே வேண்டாம். மெக்சிகோ நகரத்தின் எல் கலிஃபா டி லெயோன் கடைக்கு 2024இல் சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அங்கே இருப்பது நான்கே வகை டாக்கோ. நீங்கள் 12 வகையில் தொடங்குங்கள். ஒரே சில இறைச்சிகளும் சல்சாக்களுமே (காரச் சட்னிகள்) எல்லாவற்றிலும் மாறி மாறி வந்தால் வீணாவது குறையும். டெக்சஸில் சிப்ஸும் சல்சாவும் இலவசமாக எதிர்பார்ப்பார்கள். அந்தச் செலவையும் தட்டின் விலைக்குள் கணக்கிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இடம் பார்க்கும்போது ஏற்கெனவே உணவகமாக இருந்த கடையைத் தேடுங்கள். புகைக்கூண்டையும் எண்ணெய்க் கழிவுத் தொட்டியையும் புதிதாகப் போட்டால் மூலதனத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். விற்பனை வரி அனுமதி மாநிலக் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில், உணவு உரிமம் உள்ளூர் சுகாதாரத் துறையில். மார்கரீட்டா விற்பதானால் மாநில மதுபான ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

அவகாடோ விலை ஒரு நிலையில் நிற்காது. 2022 பிப்ரவரியில் அமெரிக்க ஆய்வாளர் ஒருவருக்கு மிரட்டல் வந்ததும், மெக்சிகோவின் மிச்சோகான் மாநில அவகாடோ இறக்குமதியை அமெரிக்கா சுமார் ஒரு வாரம் நிறுத்திவைத்தது. ஆகவே அவகாடோவை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயின் விலையை மெனுவில் அச்சிடாதீர்கள், கரும்பலகையில் எழுதுங்கள்.