வாசகர் கேள்வி பதில்: கை அசையறதுக்கு முன்னாடி மூளையில என்ன கேக்குது?

கேள்வி: மூளைக்குள்ள சிப் வச்சு மனசுல நினைக்கறத கம்ப்யூட்டர் படிச்சிடுதுன்னு நியூஸ்ல போடறாங்க. ஒரே ஒரு நரம்பு செல்லோட கரண்ட்ட தனியா அளக்க முடியுமா? நாம நினைக்கறது எல்லாமே தெரிஞ்சிடுமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: ஒரே செல்ல தனியா பதிவு பண்ண முடியும், அத 60 வருஷத்துக்கு மேல பண்ணிட்டுதான் இருக்காங்க. ஆனா நினைக்கறது எல்லாம் தெரிஞ்சிடாது. அப்படி தலைப்பு போடறவங்க மேல எனக்கு கோவமே வருது, ஏன்னா நிஜமா நடந்தது அதவிட பெரிய விஷயம்.

நரம்பு செல் (நியூரான்) சிக்னல் அனுப்பறப்போ செல்லுக்கு உள்ள சுமார் 100 மில்லிவோல்ட் ஏறி இறங்கும், ஒரு மில்லிசெகண்டுல எல்லாம் முடிஞ்சிடும், இதத்தான் ஸ்பைக்னு சொல்றாங்க. நுனிய மட்டும் விட்டுட்டு மீதிய இன்சுலேட் பண்ணின மெல்லிசான டங்ஸ்டன் கம்பிய (இதுதான் எலக்ட்ரோடு) செல்லுக்குள்ள குத்தாம பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினா, அதே ஸ்பைக் வெளியில 100 மைக்ரோவோல்ட் அளவுலதான் கிடைக்கும், அதாவது ஈசிஜியில வர்ற இதயத்துடிப்புல பத்துல ஒரு பங்கு. அத ஆம்ப்ளிஃபையர்ல பெருக்கி, மெதுவான அலைகள ஃபில்டர் பண்ணிட்டு ஸ்பீக்கர்ல விட்டா எண்ணெயில கடுகு வெடிக்கற மாதிரி படபடன்னு கேக்கும்.

1960கள்ல அமெரிக்காவுல பெதஸ்டாவுல இருக்கற என்.ஐ.எச்.ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல எட்வர்ட் எவர்ட்ஸ், முழிச்சிட்டு இருக்கற குரங்கோட மோட்டார் கார்டெக்ஸ்ல, அதாவது அசைவுக்கு உத்தரவு போடற மூளையோட மேல்பகுதியில, இத பண்ணினார். குரங்கு மணிக்கட்ட மடக்கி நீட்டி ஒரு கைப்பிடிய அசைக்கணும், அவர் அதுல எடைய மாத்திக்கிட்டே இருப்பார். கை அதே இடத்துக்குத்தான் போகுது, ஆனா எடை மாறினா செல் துடிக்கற, அதாவது ஸ்பைக் விடற வேகம் மாறுது, அதனால நிறைய செல்கள் கை எங்க இருக்குன்னு சொல்லல, எவ்வளவு பலம் போடணும்னுதான் சொல்லுதுன்னு 1968ல எழுதினார். அதுவும் தசை வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே துடிப்பு மாறிடுது! தான் கேக்கற செல் நிஜமாவே தண்டுவடத்துக்குப் போற பாதைய சேர்ந்ததுதானான்னு பாக்க, கீழ மூளைத்தண்டுல அந்தப் பாதைய லேசா தூண்டுவார், சிக்னல் தலைகீழா மேல ஏறி ஒவ்வொரு தடவையும் ஒரே இடைவெளியில ஸ்பைக் வந்தா அது அந்த செல்தான். இந்த சோதனை இல்லாம இருந்தா அந்த முடிவ நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் 1980கள்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல ஜியார்ஜோபூலோஸ் குழு, ஒவ்வொரு செல்லுக்கும் பிடிச்ச ஒரு திசை இருக்குன்னு காட்டினாங்க, அந்தப் பக்கம் கை போறப்போ அதிகமா துடிக்கும், விலக விலக குறையும். ஒரு செல்ல மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது, ஆனா நிறைய செல்கள ஒண்ணா கூட்டினா கை எந்தப் பக்கம் போகப்போகுதுன்னு வந்துடுது. சிப் எடுக்கறதும் முக்கியமா இந்த மாதிரி அசைவுக்கான தகவலத்தான்.

கேள்வி: அந்தக் குரங்குக்கு வலிக்காதா? (வாசகி, சேலம்)

பதில்: மூளைத் திசுவுக்கு வலிய உணர்ற நரம்பு கிடையாது, அதனால எலக்ட்ரோடு உள்ள இருக்கறது வலிக்காது. தோல், எலும்பு, மூளைய மூடியிருக்கற உறைக்கு வலி உண்டு, அந்த ஆபரேஷன மயக்க மருந்து குடுத்துதான் பண்றாங்க. ஆனா வலிக்கலங்கறதால எல்லாம் சரின்னு ஆகிடாது. தலைய அசையாம பிடிச்சு வச்சு மணிக்கணக்கா வேலை வாங்கறது அந்த உயிருக்கு பாரம்தான், அவசியம் இல்லாத இடத்துல பண்ணக்கூடாதுங்கறதுதான் என் கருத்து.

கேள்வி: அப்பாவுக்கு பக்கவாதம் வந்து வலது கை தூக்க முடியல. இந்த சிப் உதவுமா? (வாசகர், மதுரை)

பதில்: இப்போதைக்கு இது ஆராய்ச்சி அளவுலதான் இருக்கு, ஆஸ்பத்திரியில போய் கேட்டு வச்சுக்கற நிலைமை இல்ல. 2004ல கத்திக்குத்துல கழுத்துக்குக் கீழ செயலிழந்த மேத்யூ நேகலுக்கு 4 மில்லிமீட்டர் சதுரத்துல 96 எலக்ட்ரோடு வச்சாங்க. கை அசைஞ்சு 3 வருஷம் ஆச்சு, ஆனாலும் அசைக்கணும்னு அவர் நினைச்ச உடனே செல்கள் துடிச்சுது, அத வச்சு கர்சர நகர்த்தி ஈமெயில் திறந்தார். 2012ல வெளியான ஆய்வுல, மூளைத்தண்டு பக்கவாதம் வந்து 15 வருஷம் ஆகப்போற ஒரு அம்மா, ரோபோ கைய நகர்த்தி தானே காபி குடிச்சாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் பாதிப்பு கீழ, மேல மோட்டார் கார்டெக்ஸ் நல்லா இருந்துச்சு. கார்டெக்ஸே பாதிச்சிருந்தா அங்கேர்ந்து எடுக்க செல்கள் மிஞ்சாம போகலாம். அதனால ஸ்கேன காட்டி பாதிப்பு எங்கன்னு நரம்பியல் டாக்டர்கிட்ட கேளுங்க. எலக்ட்ரோட சுத்தி தழும்பு வளர்ந்து நாளாக ஆக சிக்னல் குறையற பிரச்சனையும் இன்னும் தீரல, அதனால சிப் வரும்னு காத்திருந்து ஃபிசியோதெரபிய மட்டும் நிறுத்திடாதீங்க.